தாமஸ் மோர் எதற்கு மறுத்தார்?

ஆரல்வாய்மொழி காற்றாடிமலைக்குப் போய்வருகிற நம் ஊர்க்காரர்களிடம் தாமஸ் மோரைப் பற்றிச் சொன்னால், "நம்ம தேவசகாயம் பிள்ளை மாதிரிதானே?" என்பார்கள். பாதிதான் சரி. திருவிதாங்கூர் அரண்மனை அலுவலரான தேவசகாயம், 1745-இல் வடக்கன்குளத்தில் பெற்ற திருமுழுக்கை மறைக்கவே இல்லை. 1752-இல் சுட்டுக் கொன்றார்கள். மோர் பதினாறாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் வழக்கறிஞர், எட்டாம் ஹென்றி அரசரிடம் சான்சலர் என்ற உயர் அமைச்சர் பதவியில் இருந்தவர். வாயைத் திறக்காமலேயே மனசாட்சியையும் உயிரையும் சேர்த்துக் காப்பாற்றப் பார்த்தார்.

1534 ஏப்ரல் 13 அன்று லண்டன் லம்பெத் அரண்மனையில் அவரிடம் அரச வாரிசுரிமை பற்றிய புதிய சட்டத்துக்குச் சத்தியப் பிரமாணம் கேட்டார்கள். அவர் முதலில் கேட்டது சட்டத்தின் அச்சுப்பிரதியை. பிரமாண வாசகத்தையும் சட்டத்தையும் ஒத்துப் பார்த்துப் படித்தார். ஹென்றியின் இரண்டாம் மனைவி ஆன் போலினின் பிள்ளைகள் அரியணை ஏறலாம் என்பதற்குச் சத்தியம் செய்யத் தயார் என்றார். வாரிசு யார் என்று தீர்மானிப்பது பாராளுமன்றத்தின் வேலை. ஆனால் நீட்டிய பிரமாணம் அதோடு நிற்கவில்லை. எட்டாம் ஹென்றியின் முதல் திருமணமே செல்லாது என்பதையும், திருத்தந்தையின் அதிகாரத்தை மறுப்பதையும் அது உள்ளே இழுத்துக்கொண்டது. அதற்குத்தான் மறுத்தார், காரணத்தை மட்டும் சொல்லவில்லை. இந்த மறுப்புக்குச் சிறையும் சொத்துப் பறிமுதலும் உண்டு, மரண தண்டனை கிடையாது.

அரசரே இங்கிலாந்துத் திருச்சபையின் தலைவர் என்ற சட்டம் அந்த நவம்பரில் வந்தது. அந்தப் பட்டத்தை 'தீய நோக்கத்தோடு' சொல்லால் மறுத்தாலே ராஜத்துரோகம் என்ற சட்டம் 1535 பிப்ரவரியில் அமலானது. மௌனம் சம்மதம் என்பது பழைய சட்ட வழக்கு. மோர் அதையே பிடித்துக்கொண்டார்.

ஓட்டை விழுந்தது ஜூன் 12-இல். சிறையிலிருந்த புத்தகங்களை எடுத்துப்போக வந்த அரசு வழக்கறிஞர் ரிச்சர்ட் ரிச், சட்ட மாணவர்கள் வாதாடுவதுபோல 'ஒரு பேச்சுக்கு' என்று கேள்வி போட்டார். பாராளுமன்றம் என்னை அரசனாக்கினால் ஏற்பீர்களா? ஏற்பேன் என்றார் மோர். கடவுள் கடவுளல்ல என்று சட்டம் போட்டால்? இது மோர் திருப்பிக் கேட்டது. இந்தப் பேச்சில் அரசரின் தலைமையை மோர் மறுத்தார் என்று ரிச் சாட்சி சொன்னார். அதே அறையில் புத்தகங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்த இருவரோ, பேச்சைக் கவனிக்கவில்லை என்றார்கள். மோர் குற்றவாளி என்று முடிவு செய்ய ஜூரிக்குக் கால் மணி நேரம் போதுமாயிருந்தது.

மோரை எல்லார் மனசாட்சிக்கும் காவலராகக் காட்டுவதும் சரியல்ல. அவர் சான்சலராக இருந்தபோது சமயத் திரிபுக் குற்றத்துக்காக 6 பேர் எரிக்கப்பட்டார்கள். அவர் அதைச் சரி என்றே நம்பினார். அதையும் சேர்த்துத்தான் அவரைப் படிக்க வேண்டும்.

குற்றவாளி என்று ஜூரி சொன்ன பிறகே மோர் மனம் திறந்தார். கடவுளின் சட்டத்துக்கு எதிராக ஒரு பாராளுமன்றம் சட்டம் இயற்ற முடியாது என்று நீதிமன்றத்திலேயே சொன்னார். ஜூலை 6-இல் டவர் ஹில்லில் தலையை வெட்டினார்கள்.