கோட்டைகளுக்கு அருகே இரண்டு கற்பேழைகள்

வட வேல்ஸுக்கு ஒருநாள் பயணமாகச் செல்பவர்கள் பெரும்பாலும் வேல்ஸை வென்ற இங்கிலாந்து அரசர் முதலாம் எட்வர்டின் கோட்டைகளை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அருகிலுள்ள தேவாலயங்களுக்குள்ளும் நுழைந்து, அங்குள்ள இரண்டு கல் சவப்பேழைகளைப் பார்த்தால்தான் அக்கோட்டைகள் யாருடைய மண்ணில் எழுந்தன என்பது விளங்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கான்வி கோட்டையின் எட்டுக் கோபுரங்களும் ஊரைச் சுற்றிய மதிலும் 1283-இல் தொடங்கி நான்கைந்து ஆண்டுகளில் கட்டி முடிக்கப்பட்டன. அதற்கு முன் அங்கே இருந்தது சிஸ்டர்சியன் துறவியரின் மடம். வேல்ஸ் மக்கள் இன்றும் பெருமையோடு நினைக்கும் வேல்ஸ் இளவரசர் மகா லிவெலின் 1240-இல் அடக்கம் செய்யப்பட்டது அந்த மடத்தில்தான். எட்வர்ட் துறவியரை ஆற்றின் மேல்பகுதியிலுள்ள மேனானுக்கு இடம்பெயர்த்தார். மடத்தின் கோயில் ஊர்மக்களின் புனித மரியாள் ஆலயமாயிற்று.

ஆங்கிள்சி தீவிலுள்ள பியூமாரிஸில் நடந்தது இன்னும் கொடிது. 1294-இல் மாடோக் என்ற வேல்ஸ் தலைவரின் கீழ் எழுந்த கிளர்ச்சியை அடக்கிய எட்வர்ட், மறு ஆண்டே அங்கே ஒரு கோட்டையைத் தொடங்கினார். தலைமைக் கட்டடக் கலைஞர் ஜேம்ஸ் 1296-இல் எழுதிய கடிதம், 400 கொத்தர்களும் 2,000 கூலியாட்களும் வேலையில் இருந்ததாகக் கூறுகிறது. மதிலுக்குள் மதிலாக, நான்கு புறமும் சமச்சீராக அமைந்த அக்கோட்டை, பணம் ஸ்காட்லாந்துப் போருக்குத் திரும்பியதால் முற்றுப்பெறவே இல்லை. கோபுரங்கள் திட்டமிட்ட உயரத்தை எட்டாமல் நிற்கின்றன. இந்தக் கோட்டைக்காகப் பக்கத்திலிருந்த லான்வைஸ் என்ற செழிப்பான துறைமுக ஊரின் மக்கள் தீவின் மறுகோடிக்கு அகற்றப்பட்டனர்.

லிவெலினின் மனைவி ஜோன் 1237-இல் அடக்கம் செய்யப்பட்டது அந்த லான்வைஸில்தான். அவர் இங்கிலாந்து அரசர் ஜானின் மகள். எட்வர்டுக்கு அத்தை முறை. கணவர் அவர் நினைவாக அங்கே நிறுவிய பிரான்சிஸ்கன் மடம் எட்டாம் ஹென்றியின் காலத்தில் கலைக்கப்பட்டது. அவருடையது என வழிவழியாகச் சொல்லப்படும் கற்பேழை, இப்போது பியூமாரிஸ் தேவாலயத்தின் முகப்பு மண்டபத்தில் இருக்கிறது. நிமிர்த்தி வைத்துள்ள மூடியில் முக்காடிட்ட பெண்ணின் முகமும், மார்பின் முன் உயர்த்திய இரு கைகளும், அவற்றின் கீழே சுருண்டு படரும் கொடியும் செதுக்கப்பட்டுள்ளன. பேழையோ பல ஆண்டுகள் குதிரைகளுக்குத் தண்ணீர்த் தொட்டியாகக் கிடந்தது என்று அருகிலுள்ள 1808-ஆம் ஆண்டுக் கல்வெட்டு வருந்திச் சொல்கிறது. கோட்டையைப் பார்த்த கையோடு அதை வாசித்தபோது எனக்கு மனம் கனத்துப் போயிற்று.

லிவெலினின் பேழையும் அலைந்ததுதான். துறவியரோடு மேனானுக்குப் போய், அம்மடமும் கலைக்கப்பட்ட பின் அருகிலுள்ள லான்ரூஸ்ட் ஊரின் தேவாலயத்தை வந்தடைந்தது. பக்கங்களில் நாலிதழ் வடிவங்கள் செதுக்கிய அந்தப் பெரிய பேழைக்கு மூடி இல்லை, உள்ளே எதுவும் இல்லை. கான்வி செல்பவர்கள் லான்டட்னோ சந்திப்பில் ரயில் மாறினால் அரை மணி நேரத்தில் லான்ரூஸ்டை அடையலாம். கோட்டைக்கு ஒதுக்கும் நேரத்தில் சிறிதைக் குறைத்தாவது அவசியம் போய்வாருங்கள்.