ஒரு ப்ரோகிராம் முடியும்போது சொல்லிவிட்டுப் போகும் எண்

சர்வர் பராமரிப்பு வேலையில் ஒரு ப்ரோகிராம் இரண்டு விதமாகப் பேசும். திரையிலும் லாகிலும் (நடந்ததைப் பதிவு செய்யும் கோப்பு) வரும் செய்தி மனிதருக்கு. முடியும்போது அது தரும் எண், அதாவது எக்ஸிட் கோட், அதை ஓடவிட்ட இன்னொரு ப்ரோகிராமுக்கு. இரவில் தானாக ஓடும் வேலைகளை யாரும் உட்கார்ந்து பார்ப்பதில்லை. அங்கே அடுத்து என்ன நடக்கவேண்டும் என்பதை முடிவு செய்வது அந்த எண் மட்டும்தான். ஆனாலும் பல வருடங்களாக நான் படித்த ஸ்கிரிப்ட்களில் மிகக் குறைந்த அக்கறையோடு எழுதப்பட்டிருந்தது அந்த ஒரு வரிதான்.

0 என்றால் வெற்றி, வேறு எதுவானாலும் தோல்வி. இது எல்லோருக்கும் தெரியும். அந்த எண்ணுக்கு யூனிக்ஸ் வகை இயங்குதளங்களில் 8 பிட்தான் இடம் என்பது பலருக்கு நினைவில் இருப்பதில்லை. 255-க்கு மேல் போனால் மறுபடி 0-லிருந்து தொடங்கும். ஒரு முறை கோட் ரிவ்யூவுக்கு வந்த ஒரு கருவி, தரவுக் கோப்பில் கண்ட பிழைகளின் எண்ணிக்கையையே எக்ஸிட் கோடாகத் தந்தது. பார்க்க அழகான யோசனைதான். ஆனால் கோப்பில் சரியாக 256 பிழைகள் இருந்தால் அது 0 என்று சொல்லும், அந்தக் கோப்பு தேறிவிடும். எண்ணிக்கையை லாகில் எழுதுங்கள், எக்ஸிட் கோட் 1 போதும் என்று மாற்றச் சொன்னோம்.

புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்களைக் குழப்புவது பெரும்பாலும் 137. “நம்ம கோடில் 137 என்று எங்கேயுமே எழுதலையே” என்று தேடிக் களைத்துப்போய் வருவார்கள். அந்த எண்ணை ப்ரோகிராம் தருவதில்லை. ஒரு சிக்னலால், அதாவது இயங்குதளம் வழியாக வரும் அறிவிப்பால், ஓடிக்கொண்டிருக்கும் ப்ரோகிராம் இறந்துபோனால், கமாண்டுகளை ஓடவிடும் ஷெல் 128-உடன் சிக்னலின் எண்ணைக் கூட்டிச் சொல்கிறது. 137 என்றால் சிக்னல் 9, கட்டாயமாகக் கொல்லப்பட்டது. 139 என்றால் 11, தனக்கு உரிமையில்லாத நினைவகத்தைத் தொட்டது. 143 என்றால் 15, யாரோ முறையாக நிறுத்தச் சொன்னார்கள். 130 வந்தால் கன்ட்ரோல்-சி அழுத்தப்பட்டிருக்கும். 137-ஐப் பார்த்தால் முதலில் கர்னலின், அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதியின், லாகுக்குப் போகச் சொல்வேன். மெமரி தீர்ந்து கர்னலே கொன்றிருக்கலாம். அங்கே தடயம் இல்லையென்றால், கொன்றது வேறு யாரென்று தேடவேண்டும். இது தெரிந்தவர், தன் கோடில் இல்லாத ஒரு பிழையைத் தேடி ஒரு நாளை இழக்கமாட்டார்.

இதைவிடப் பெரிய ஆபத்து, தோல்வியை மறைக்கும் 0. நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் டேட்டாபேஸ் பேக்கப் ஸ்கிரிப்ட் ஒன்று நெடுநாளாக ஓடிக்கொண்டிருந்தது. டேட்டாபேஸை வெளியே எடுக்கும் கமாண்ட், அப்புறம் அதன் வெளியீட்டை அடுத்த கமாண்டுக்குக் கொடுக்கும் பைப், அப்புறம் அதைச் சுருக்கும் ஜிஜிப். தினமும் பச்சை விளக்குதான். ஒரு நாள் ஒரு டேபிளைத் திரும்ப எடுக்கவேண்டி வந்தபோது, கோப்பைத் திறந்தால் உள்ளே ஒன்றுமே இல்லை. கடவுச்சொல் மாறியதிலிருந்து முதல் கமாண்ட் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. பைப்பில் வழக்கமாகக் கடைசிக் கமாண்டின் எண்தான் மொத்தத்துக்கும் எண்ணாக எடுத்துக்கொள்ளப்படும். ஜிஜிப் தனக்கு வந்த ஒன்றுமில்லாததை ஒழுங்காகச் சுருக்கிவிட்டு 0 என்றது. அது பொய் சொல்லவில்லை, தன் வேலையை முடித்திருந்தது. பைப்ஃபெயில் என்ற ஓர் அமைப்பை ஸ்கிரிப்ட்டின் தலையில் போட்டிருந்தால் முதல் இரவே சிவப்பு எரிந்திருக்கும். இணைய முகவரியிலிருந்து தரவை எடுக்கும் கர்ல் கமாண்ட் விஷயத்திலும் இதேதான். சர்வர் 404 (கேட்டது இங்கே இல்லை) என்று பதில் தந்தாலும், பதில் வந்துவிட்டது என்பதால் அது 0 தரும். -f என்ற தெரிவைச் சேர்த்துக் கொடுத்தால்தான் 22 என்று தோல்வியைச் சொல்லும்.

மறுபக்கமும் உண்டு. எல்லா 1-ம் விபத்து இல்லை. கோப்புகளில் ஒரு சொல்லைத் தேடும் கிரெப் 1 தந்தால் தேடியது கிடைக்கவில்லை என்று பொருள். உண்மையான கோளாறு என்றால் 2. டிஃப்பும் அப்படித்தான்: 1 என்றால் இரண்டு கோப்புகளும் வேறு, 2 என்றால் ஒப்பிடவே முடியவில்லை. பூஜ்யம் இல்லாத எதையும் அலாரமாக மாற்றும் ஸ்கிரிப்ட்கள் இந்த வித்தியாசத்தை அழித்துவிடுகின்றன. அலாரம் அடிக்கடி வீணாக அடித்தால், உண்மையாக அடிக்கும்போது யாரும் எழுந்திருக்கமாட்டார்கள்.

சொந்தமாக ஒரு கருவி எழுதும்போது எந்த எண்களைத் தருவது? ஒவ்வொரு பிழைக்கும் ஓர் எண் வேண்டும் என்று வாதிடுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. என்ன நடந்தது என்பதை லாக் விளக்கமாகச் சொல்லும். எக்ஸிட் கோட் சொல்லவேண்டியது, அழைத்தவர் இனி என்ன செய்யவேண்டும் என்பதை. பிஎஸ்டி யூனிக்ஸிலிருந்து வந்த சிஸ்எக்ஸிட்ஸ் என்ற எக்ஸிட் கோட் பட்டியல் எனக்குப் பிடித்திருப்பதற்குக் காரணம் இதுதான். மற்ற ப்ரோகிராம்கள் ஏற்கனவே தரும் சிறிய எண்களோடு மோதாமல் இருக்க, அது 64-இல் தொடங்கி 78-இல் முடிகிறது. கமாண்டைத் தவறாகப் பயன்படுத்தினால் 64, உள்ளீடு கெட்டிருந்தால் 65, அனுமதி இல்லையென்றால் 77. நான் மிகவும் மதிப்பது 75: இப்போது முடியவில்லை, பிறகு முயன்று பாருங்கள். மெயில் சர்வர்கள் இதை நம்பித்தான் இயங்குகின்றன. அஞ்சலைச் சேர்க்கும் ப்ரோகிராம் 75 தந்தால் அஞ்சல் வரிசையில் காத்திருக்கும். 67 தந்தால், அப்படி ஒரு பயனரே இல்லை என்று அனுப்பியவருக்கே திரும்பிப் போகும். இரண்டும் தோல்விதான், ஆனால் அதற்கப்புறம் செய்யவேண்டியது முற்றிலும் வேறு.

எங்கள் குழுவில் இதையே பின்பற்றத் தொடங்கினோம். நெட்வொர்க் அறுந்தால், டேட்டாபேஸ் பதில் தராவிட்டால் 75. வேலைகளை நேரப்படி ஓடவிடும் ஷெட்யூலர் சற்று நேரம் விட்டு மறுபடி ஓடவிடும், யாருக்கும் அழைப்பு போகாது. தரவு கெட்டிருந்தால் 65. மறுபடி ஓடவிட்டுப் பயனில்லை என்பதால், கோப்பைத் தனியே எடுத்துவைத்துவிட்டுக் காலையில் பார்க்கலாம். கான்ஃபிக் (ப்ரோகிராமின் அமைப்புகள்) தவறு என்றால் 78. எந்த எண் வந்தால் சர்வீஸை மறுபடி தொடங்கக்கூடாது என்று லினக்ஸில் சர்வீஸ்களைத் தொடங்கி நிறுத்தும் சிஸ்டம்டியிடம் சொல்லிவைக்கமுடியும். அந்த இடத்தில் 78-ஐக் கொடுத்தோம். முன்பெல்லாம் கான்ஃபிக் கோப்பில் ஓர் எழுத்து தவறினால் சர்வீஸ் விழுந்து எழுந்து விழுந்து லாகை நிரப்பிக்கொண்டே இருக்கும், முதல் பிழை அதற்குள் புதைந்துபோகும். இப்போது ஒரே முறை விழுந்து அப்படியே நிற்கிறது, லாகின் கடைசி வரியில் காரணம் இருக்கிறது.