ஒரே சர்க்யூட், மூன்று டிரான்சிஸ்டர்

டிரான்சிஸ்டருக்கு மூன்று கால்கள்: பேஸ், கலெக்டர், எமிட்டர். அது வேலை செய்யத் தேவையான நிலையான மின்னோட்டத்தை ஏற்பாடு செய்வதுதான் பயாஸ். அந்தப் பாடத்தில் முதலில் வருவது, பேஸுக்கு ஒரே ஒரு மின்தடை கொடுக்கும் அமைப்பு. ‘இது நிலையற்றது’ என்று ஒரே வரியில் தள்ளிவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விடுவார்கள். எவ்வளவு நிலையற்றது? அதை எண்ணாகப் பார்க்க ஆசைப்பட்டேன்.

சிங்கப்பூர் சிம் லிம் டவரில் பிசி547 டிரான்சிஸ்டரை ஏ, பி, சி என மூன்று வகையிலும் வாங்கினேன். (பக்கத்துச் சிம் லிம் ஸ்குவேர் கணினிக்காரர்களுக்கு, மின்தடை தேடுகிறவனுக்கு டவர்தான்.) மல்டிமீட்டர் காட்டிய மின்னோட்டப் பெருக்கம் (பேஸ் மின்னோட்டத்தைப் போல எத்தனை மடங்கு கலெக்டரில் ஓடும் என்பது) முறையே 182, 298, 521. பெயர் ஒன்று, குணம் மூன்று.

முதல் சர்க்யூட்: 12 வோல்ட், கலெக்டரில் 3.3 கிலோ ஓம், பேஸில் 2.2 மெகா ஓம். பேஸுக்கும் எமிட்டருக்கும் இடையே 0.65 வோல்ட் போக, மீதி 11.35 வோல்ட். பேஸ் மின்னோட்டம் சுமார் 5.2 மைக்ரோ ஆம்பியர். மூன்றுக்கும் இது ஒன்றுதான். ஆனால் கலெக்டரில் ஏ வகைக்கு 8.9 வோல்ட், பி வகைக்கு 6.9, சி வகைக்கு 3.2! பி வகைக்குக் கணக்குப் போட்டுச் செய்த பெருக்கியில் சி வகையை மாட்டினால், கீழ்ப்பக்க அலை சீக்கிரமே வெட்டுப்படும்.

பேஸ் மின்னழுத்தத்தை அளக்கப்போனபோதுதான் வேடிக்கை. வோல்ட்டுக்கு 20 கிலோ ஓம் உணர்திறன் கொண்ட பழைய ஊசி மீட்டரை 2.5 வோல்ட் அளவில் வைத்துப் பேஸைத் தொட்டேன். கலெக்டரில் இருந்த டிஜிட்டல் மீட்டர் சட்டென்று 12 வோல்ட்டுக்குத் தாவியது. பக்கத்தில் இருந்தவன் அக்காள் மகன். பலதுறைத் தொழிற்கல்லூரியில் மின்னணுவியல் படிக்கிறான்.

“மாமா, டிரான்சிஸ்டர் போய்விட்டதா?”

“இல்லையடா, அதற்கு வரவேண்டிய மின்னோட்டத்தை மீட்டர் குடித்துவிட்டது.”

அந்த அளவில் ஊசி மீட்டர் வெறும் 50 கிலோ ஓம். 2.2 மெகா ஓம் வழியாக வருவதெல்லாம் அதற்கே போதவில்லை, பேஸில் 0.27 வோல்ட்தான் மிஞ்சியது, டிரான்சிஸ்டர் அணைந்துவிட்டது. 10 வோல்ட் அளவுக்கு மாற்றியதும் மீட்டர் 200 கிலோ ஓம் ஆகிவிடுகிறது. கலெக்டர் 10 வோல்ட் அருகே இறங்கி நின்றது. 10 மெகா ஓம் உள்தடை கொண்ட டிஜிட்டல் மீட்டரும் முழு யோக்கியமில்லை: அதை 2.2 மெகா ஓமுக்குக் குறுக்கே வைத்தால் 11.35 என்று சரியாகத்தான் காட்டும். ஆனால் அதன் வழியாகவும் கொஞ்சம் மின்னோட்டம் பேஸுக்குப் போய், பி வகையின் கலெக்டர் ஒரு வோல்ட்டுக்கு மேல் இறங்கிவிடுகிறது.

அடுத்தது மின்னழுத்தப் பகுப்பான், அதாவது இரண்டு மின்தடைகளால் 12 வோல்ட்டைப் பிரித்து நடுவிலிருந்து பேஸுக்குக் கொடுப்பது: மேலே 47 கிலோ ஓம், கீழே 10 கிலோ ஓம், எமிட்டரில் 1 கிலோ ஓம். கலெக்டரில் அதே 3.3 கிலோ ஓம். பகுப்பானில் ஓடுவது 0.21 மில்லி ஆம்பியர். பி வகையின் பேஸ் இழுப்பதைப் போல நாற்பது மடங்குக்கு மேல். மூன்று டிரான்சிஸ்டர்களையும் மாற்றி மாற்றிச் செருகினேன்: கலெக்டரில் 7.43, 7.35, 7.28 வோல்ட். மின்னோட்டம் அதிகரிக்கப் பார்த்தால் எமிட்டர் மின்னழுத்தம் உயர்கிறது. பேஸ்–எமிட்டர் இடைவெளி சுருங்குகிறது. மின்னோட்டம் தானே அடங்குகிறது. புத்தகத்தில் பலமுறை படித்த வாக்கியம்தான். 5.7 வோல்ட் வித்தியாசம் 0.15 ஆகச் சுருங்கியதைப் பார்த்தபிறகுதான் அந்த 1 கிலோ ஓமின் மேல் எனக்கு மரியாதை வந்தது.

ஏர்கான் அறையில் இருந்த டிரான்சிஸ்டரை விரல்களுக்கிடையே பிடித்துச் சூடேற்றியும் பார்த்தேன். ஒற்றை மின்தடை அமைப்பில் கலெக்டர் மெல்ல மெல்ல 0.2 வோல்ட் சரிந்தது. பகுப்பான் அமைப்பில் இரண்டாம் தசம இடம் மட்டும் அசைந்தது.

இனி எமிட்டர் மின்தடைக்குக் குறுக்கே மின்தேக்கி வைத்து ஒலி கொடுக்க வேண்டும். மின்தேக்கி இல்லாமல் மின்னழுத்தப் பெருக்கம் மூன்று மடங்கு சொச்சம். வைத்தால் கணக்குப்படி சுமார் 180. கைபேசியின் ஒலியை நேராகக் கொடுத்தால் தாங்காது; சில மில்லி வோல்ட்டுக்குக் குறைத்துத்தான் கொடுக்க வேண்டும்.