ஒளிபரப்புக்கு முன்

மே 25, ஞாயிறு

உழவன் எக்ஸ்பிரஸ் கும்பகோணத்தில் நின்றபோது இன்னும் இருட்டாகவே இருந்தது. பாப்பாவைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினேன். ஒன்பது வயதுப் பிள்ளை தோளில் கனக்கிறாள், ஆனால் எழுப்ப மனம் வரவில்லை. கண்ணிமையில் ஒட்டிய ஜிகினா அப்படியே இருக்கிறது. பாப்பா ஆடிய தொலைக்காட்சி நடனப் போட்டியின் முடிவை இங்கே எழுத முடியாது, கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறோம். வீட்டுக்கு வந்து கதவைத் தாழிட்ட பிறகு பாப்பாவின் அப்பாவிடம் மட்டும் சொன்னேன். "சரி" என்றார். அந்த நடைவழியில் நடந்ததை அவரிடமும் சொல்லவில்லை.

மே 26, திங்கள்

பால்காரர், பூக்காரம்மா, எதிர்வீட்டு அக்கா, மருந்துக் கடைப் பையன் என்று இன்றைக்கு மட்டும் பதினொரு பேர் கேட்டார்கள், நான் பதினொரு முறையும் சிரித்தேன்.

மே 28, புதன்

போட்டிக்கு ஆட்டம் சொல்லிக்கொடுத்த மாஸ்டரின் பயிற்சிக் கூடத்துச் சுவர் கனவில் வந்தது. அவரிடம் பயிலும் ஆறு பிள்ளைகளின் படங்களையும் திங்கட்கிழமைதோறும் முக்கோணமாக ஒட்டுவார்: உச்சியில் ஒன்று, நடுவில் இரண்டு, அடியில் மூன்று. பிட்ஸ்பர்க் பக்கத்து நடனப் பள்ளி ஒன்றை வைத்து 2011 இல் தொடங்கிய தொலைக்காட்சித் தொடரில் ஆசிரியை இப்படித்தான் வாரந்தோறும் படங்களை அடுக்குவார் என்று அமெரிக்காவிலுள்ள தம்பி சொன்னான். அங்கே நிகழ்ச்சியின் பெயரே ஆடுகிற பிள்ளைகளைக் குறிக்கவில்லையாம், அம்மாக்களைத்தான் குறிக்கிறதாம். இதைச் சொல்லிவிட்டு அவன் சிரித்தான்.

அந்தச் சுவரைப் பிள்ளைகள் பார்ப்பதற்கு முன் நாங்கள் பார்த்துவிடுவோம். செருப்பைக் கழற்றுகிற சாக்கில் குனிந்து, நிமிரும்போது ஒரு பார்வை. மூன்று திங்கள் பாப்பா அடிவரிசையில் இருந்தாள். அவளுக்கு நாற்பது நிமிடப் பயிற்சி, மன்னார்குடிப் பிள்ளைக்கு இரண்டு மணி நேரம் என்று கைப்பேசியில் நேரம் குறித்து வைத்திருந்தேன்; அந்தக் கணக்கை மாஸ்டரிடம் காட்டியபோது, "இந்த ஆதங்கத்தைக் கேமரா முன்னாடி சொல்லுங்கம்மா, நல்லா இருக்கும்" என்றார். நான்காம் திங்கள் பாப்பாவின் படம் உச்சியில் இருந்தது. அன்று மன்னார்குடி அம்மாவைப் பார்த்துச் சிரித்தேன். அவரும் பதிலுக்குச் சிரித்தார், ஆனால் முந்திய வாரம் அவர் சிரித்தபோது நான் பதிலுக்குச் சிரிக்கவில்லை.

மே 30, வெள்ளி

இடுப்பில் செருகும் மைக் பெட்டியில் ஒரு சிறிய விளக்கு உண்டு. ஒப்பனை அறைக்கும் கழிவறைக்கும் நடுவில் நாங்கள் நின்றபோது அது எரிந்துகொண்டிருந்ததா என்று எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. ஒலிப்பதிவுப் பையன் பெட்டியைக் கழற்ற வந்தபோது என் முகத்தைப் பார்க்காமல் கழற்றினான். கூச்ச சுபாவம் உள்ளவனாகவும் இருக்கலாம்.

ஜூன் 2, திங்கள்

பள்ளி திறந்துவிட்டது. எட்டாம் வகுப்பில் வருகைப்பதிவு எடுக்கும்போதே ஒருத்தி, "டீச்சர், பாப்பா ஃபைனலா?" என்றாள்.

ஜூன் 5, வியாழன்

சார்ங்கபாணி கோயில் வாசலில், பாப்பாவுக்கு முன்பு பரதம் சொல்லிக்கொடுத்த டீச்சரைப் பார்த்தோம். தையில் பாப்பாவை அவரிடமிருந்து நிறுத்தினோம். நிறுத்துகிறோம் என்று போய்ச் சொல்லவும் இல்லை, தொலைபேசியை எடுக்காமல் இருந்தோம், அவ்வளவுதான். இந்த வைகாசியில் பாப்பாவுக்கு முதன்முதலாகச் சலங்கை கட்டும் பூஜை வைத்துக்கொள்வதாகப் பேச்சு இருந்தது. பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை என்ற பெரிய நட்டுவனாரின் வழியில் வந்தவரிடம் கற்றவர் அவர். முழங்காலை மடித்துப் பாதி அமர்ந்து ஆடும் அரைமண்டி அரை அங்குலம் உயர்ந்தாலும், அவர் தாளம் தட்டும் தட்டுக்கழி நின்றுவிடும். மாஸ்டரிடம் போன முதல் வாரத்திலேயே, அந்த அரைமண்டியால்தான் பிள்ளைக்கு வேகம் வரவில்லை என்று சொல்லி, முழங்காலில் விழுந்து சறுக்கும் அசைவைக் கற்றுக்கொடுத்தார்கள்.

டீச்சர் என்னிடம் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. பாப்பா படியேறுவதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "வலது குதிகாலை ஏன் தூக்கி வைக்கிறா?" என்றார். பிறகு பாப்பாவைக் கோபுரத்தின் கீழே நிறுத்தி, நாட்டிய நிலைகளைக் காட்டும் கரணச் சிற்பங்களில் எதெல்லாம் அடையாளம் தெரிகிறது என்று கேட்டார். அவள் நான்கைச் சொன்னாள். முன்பு பதினொன்று சொல்வாள். கிளம்பும்போதுதான் என் பக்கம் திரும்பினார்: "தஞ்சாவூர்ப் பெரிய கோயில்ல 108 கரணத்துல 81ஐத்தான் செதுக்கியிருக்கான். மிச்சக் கல்லை அப்படியே விட்டுட்டான். ஆயிரம் வருஷமா யாரும் குறை சொல்லல. உனக்கு என்னம்மா அவசரம்?"

எனக்குக் கோபம்தான் வந்தது. வீடு வரும்வரை அந்தக் கோபத்துக்கு ஒரு நியாயம் தேடினேன், கிடைக்கவில்லை.

ஜூன் 8, ஞாயிறு

இன்றைய பகுதியில் மன்னார்குடிப் பிள்ளைக்கு நடுவர்கள் எழுந்து நின்று கைதட்டுகிறார்கள், உடனே நான் தலையில் கை வைத்துக்கொண்டு முகத்தைத் திருப்புகிறேன். அது நான்தான், ஆனால் அந்த நேரத்து நான் இல்லை. வேறொரு நாள் சாப்பாடு மூன்றரை மணிவரை வராததற்காகத் தலையில் கை வைத்தேன். அன்று கட்டியிருந்தது பச்சைக் கரை, இன்றைய காட்சியில் மற்ற இடங்களிலெல்லாம் அரக்குக் கரை. ஊரில் ஒருவருக்கும் கரை மாறியது தெரியவில்லை. அத்தை மட்டும், "ஏம்மா, அந்தப் பொண்ணு நல்லாத்தானே ஆடுச்சு?" என்றார்.

மன்னார்குடி அம்மாவுக்கு முதல் வாரமே வயலின் இசை கிடைத்தது. 2018 நவம்பரில் கஜா புயலில் அவர்கள் தென்னந்தோப்பு ஒரே இரவில் சாய்ந்ததைச் சொன்னார். பொய்யில்லை, அந்தப் பக்கம் போனவர்கள் எல்லாரும் பார்த்ததுதான். உதவி இயக்குநர் என்னிடம் வந்து, "உங்க வீட்ல எதுவும் கஷ்டம் இல்லையாம்மா?" என்று கேட்டபோது நான் மெய்யாகவே யோசித்தேன். சொல்லும்படியாக எங்களுக்கு ஒரு புயல்கூட அடிக்கவில்லையே என்று வருந்தினேன். குறுவைச் செலவுக்கென்று வைத்த நகைக்கடனில் 14,500 ரூபாயை ஒரே ஒரு சுற்றின் உடைக்குக் கொடுத்ததைச் சொல்லியிருக்கலாம், ஆனால் அது துயரம் இல்லை, என் முட்டாள்தனம்.

ஜூன் 9, திங்கள்

எலும்பு மருத்துவரிடம் போனோம். வளர்கிற பிள்ளைகளுக்குக் குதிகால் எலும்பில் வளர்ச்சித் தட்டு என்று ஒன்று இருக்கிறது. ஓயாமல் குதித்தால் அது வீங்கி வலிக்கும். ஓய்வு, ஐஸ், மெத்தென்ற செருப்பு. "எத்தனை நாளா வலிக்குது?" என்று அவர் பாப்பாவைக் கேட்டார். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இப்பதான்" என்றாள்.

ஜூன் 12, வியாழன்

மேட்டூர் அணையில் தண்ணீர் திறப்பு. அவர் விதைநெல் மூட்டையை வெளியே எடுத்து வைத்தார். முழு நாளும் நான் நிகழ்ச்சியை நினைக்கவில்லை என்று எழுத ஆசைதான்.

ஜூன் 13, வெள்ளி

இன்று பள்ளி நூலகத்தில் உட்கார்ந்து, முதல் நாளே படித்திருக்க வேண்டியதைப் படித்தேன். 2017 இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் விதிகளின்படி, கலைஞராகப் பங்கேற்கும் பிள்ளையை ஒரு நாளில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, ஓய்வில்லாமல் மூன்று மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, தயாரிப்பவர் மாவட்ட ஆட்சியரிடம் அனுமதி பெற வேண்டும், பிள்ளைக்கு வரும் வருமானத்தில் குறைந்தது 20 விழுக்காடு அதன் பெயரிலேயே தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் வைப்பாக இருக்க வேண்டும். ஐந்து பிள்ளைகளுக்கு மேற்படாமல் ஒரு பொறுப்பாளர் கூடவே இருக்க வேண்டும் என்றும் இருக்கிறது. நாங்கள் காலை பத்து மணிக்கு அரங்கில் நுழைந்தோம், இரவு ஒன்று நாற்பதுக்கு வெளியே வந்தோம். பிள்ளைகள் தரைவிரிப்பில் வரிசையாகத் தூங்கினார்கள். அடுத்த டேக் வரும்போது முகத்தில் தண்ணீர் தெளித்து எழுப்பியது நாங்கள், அம்மாக்கள். யார் மேல் புகார் எழுதுவது என்று பேனாவை எடுத்தால் முதல் வரியிலேயே என் பெயர் வருகிறது. பிள்ளை தூங்குகிறாள், கிளம்புகிறோம் என்று எங்களில் ஒருத்தி சொல்லியிருந்தால் போதும். அப்படி முதலில் சொல்கிற அம்மாவின் பிள்ளை படம் திங்கட்கிழமை எங்கே இருக்கும் என்பது எங்கள் எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

ஜூன் 15, ஞாயிறு

அடுத்த வார ப்ரோமோ வந்துவிட்டது. மன்னார்குடி அம்மா அழுகிறார். நடைவழிதான், பின்னால் தெரிகிற தீயணைப்பு வாளி எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஆனால் அன்று அவர் அழவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார், பிறகு பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

ஜூன் 17, செவ்வாய்

பாப்பா சாப்பிட்டுக்கொண்டே, "கழைக்கூத்துன்னா என்னம்மா?" என்றாள். தமிழாசிரியை என்பதால் பதில் தயாராக இருந்தது: கழை என்றால் மூங்கில், மூங்கிலை நட்டு அதன்மேல் வித்தை காட்டி ஆடுவது. "அப்ப கஷ்டமான ஆட்டம்தானே? ஏன் திட்டுற மாதிரி சொன்னே?" என்றாள்.

எழுதிவிடுகிறேன். "உங்க பிள்ளை ஆடுறது நாட்டியமில்ல, கழைக்கூத்து. தெருவுல தட்டு நீட்டலாம்" என்று சொன்னேன். அந்தப் பிள்ளை அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றது. ராஜராஜன் கோயிலில் ஆட 400 தளிச்சேரிப் பெண்டுகளைத் தஞ்சைக்கு வரவழைத்து வீடு கொடுத்ததை வகுப்பில் கல்வெட்டுச் சான்றோடு நடத்துகிறவள் நான். என் அப்பாவைப் பெற்ற ஆச்சி, நான் ஆட ஆசைப்பட்டபோது, "நம்ம வீட்டுப் பொண்ணுங்க கூத்தாடுற வழக்கம் இல்ல" என்றார். அந்தச் சொல் என் வாய்க்குள் எங்கே இத்தனை வருடம் இருந்ததோ தெரியவில்லை. பாப்பாவும் அந்த முழங்கால் சறுக்கலைத்தான் ஆடினாள், அதே மாஸ்டர் சொல்லிக்கொடுத்ததை.

ஜூன் 19, வியாழன்

மூன்று நாள் தயங்கி, இன்று மன்னார்குடிக்குத் தொலைபேசியில் பேசினேன். மன்னிப்புக் கேட்பதற்கான வாக்கியங்களை ஒரு தாளில் எழுதிக்கூட வைத்திருந்தேன். அவர் என்னை முடிக்க விடவில்லை.

"அதை விடுங்கக்கா. டீம்ல ஆடியோவைப் போட்டுக் காட்டினாங்க. இதுக்கு ஒரு ரியாக்‌ஷன் வேணும், அங்கேயே நின்னு அழுங்கன்னாங்க. அழுது குடுத்துட்டேன். பிள்ளைக்கு இன்னும் ஒரு வாரம் கிடைக்கும்ல?"

பிறகு குதிகால் வலிக்கு என்ன மருந்து போடுகிறீர்கள் என்று கேட்டார். அவர் பிள்ளைக்கு இடது காலாம்.

ஜூன் 20, வெள்ளி

மைக் பெட்டியின் விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்திருக்கிறது.

ஜூன் 21, சனி

காவிரியில் தண்ணீர் வந்துவிட்டது. நுங்கும் நுரையுமாக, குப்பையையெல்லாம் முன்னால் தள்ளிக்கொண்டு வந்தது. ஊரே படித்துறையில் நின்றது. தண்ணீரைப் பார்க்க வந்தவர்கள் என்னையும் பார்த்தார்கள். டீச்சர் வீட்டுத் தெரு வழியாகத் திரும்பினோம். உள்ளே தட்டுக்கழிச் சத்தம் கேட்டது. பாப்பா நின்றாள், நான் நிற்கவில்லை, பிறகு நானும் நின்றேன். கதவைத் தட்டவில்லை.

ஜூன் 22, ஞாயிறு

எதிர்வீட்டு அக்கா நாற்காலியோடு வந்துவிட்டார், அத்தை சுண்டல் செய்திருக்கிறார், அவர் வயலிலிருந்து காலைக்கூடக் கழுவாமல் வந்து வாசற்படியில் உட்கார்ந்திருக்கிறார். அவரிடம் இன்னும் சொல்லவில்லை. பாப்பா குதிகாலின் கீழ் ஐஸ் பையை வைத்துக்கொண்டு என் மடியில் சாய்ந்திருக்கிறாள். "அம்மா, நீ அதைச் சொல்ற இடம் வந்தா முன்னாடியே சொல்லு, நான் கண்ணை மூடிக்கிறேன்" என்றாள். கண்ணை மூடினால் போதாது, காதை மூட வேண்டும் என்று சொன்னேன். இரண்டு கையாலும் ஒத்திகை பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

விளம்பரம் போகிறது.