உ போடாத கடிதம்

டொராண்டோவில் வேலை தேடுவோருக்கு உதவும் மையத்தில் விண்ணப்பத்தோடு வைக்கும் முதல் கவர் லெட்டரை நீட்டினால், ஆலோசகர் முதலில் கோடு போட்டு அடிப்பது தகப்பனார் பெயரைத்தான். அடுத்து ஊர், பிறந்த தேதி, கல்யாணம் ஆனதா என்பது. செட்டிநாட்டுப் பக்கத்திலிருந்து வந்தவர்களுக்கு அது சுருக்கென்று தைக்கும். எந்த ஊர், எந்தக் கோவில், யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்ட பிறகுதானே நம்மூரில் பேச்சே தொடங்கும்? அந்த விவரம் தெரிந்தால் நம்பிக் கடையின் பணப்பெட்டியடியில் உட்கார வைப்பார்கள். இங்கே அதையெல்லாம் வைத்து யாரையும் ஒதுக்கிவிடக் கூடாது என்று, டொராண்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தில் மனித உரிமைச் சட்டம் இருக்கிறது. போட்டோவும் வேண்டாம்.

‘ரெஸ்பெக்டட் சார்’ என்று தொடங்காதீர்கள். விளம்பரத்தில் பெயர் இருந்தால் முழுப்பெயர். இல்லாவிட்டால் ‘டியர் ஹையரிங் மேனேஜர்’. ஒரே பக்கம், மூன்று நான்கு பத்தி. இங்கே தாள் ஏ4 இல்லை, எட்டரைக்குப் பதினொன்று அங்குலம். கணினியில் மாற்றாமல் விட்டால் அச்சில் ஓரம் வெட்டுப்படலாம். தேதியில் மாதத்தை எழுத்தில் எழுதுங்கள், 05/06 குழப்பும். லட்சம், கோடி இங்கே புரியாது.

நமக்குக் கஷ்டமான இடம் நடுப்பத்தி. நம்மைப் பற்றி நாமே பேச வேண்டும். ஊரில் அதைப் பெரியவர் ஒருவர் சொல்லிவிடுவார், நாம் பக்கத்தில் கைகட்டி நிற்போம். அந்தக் கூச்சத்தில்தான் ‘கடின உழைப்பாளி, எந்த வேலை கொடுத்தாலும் செய்வேன்’ என்று எழுதிவிடுகிறோம். படிப்பவருக்கு அதில் பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. வரவு செலவு பார்த்து ஐந்தொகை எடுக்கும் வீட்டில் வளர்ந்தவர்கள் நாம். பேரேட்டில் தொகை இல்லாமல் ஒரு வரி உண்டா? கடிதத்தையும் அப்படியே எழுதலாம்: ‘காரைக்குடி ஜவுளிக்கடை ஒன்றில் 4 வருடம் டேலி கணக்கு மென்பொருளில் கணக்கு எழுதினேன். மாதம் சுமார் 600 பில். ஜிஎஸ்டி 3பி ரிட்டர்னை மாதாமாதம் 20ஆம் தேதிக்குள் தாக்கல் செய்தேன்.’ அடுத்த வரியில் அதை விளம்பரம் கேட்பதோடு முடிச்சுப் போடுங்கள்: உள்ளீட்டு வரியைச் சரிபார்த்த பழக்கம் இங்கே எச்எஸ்டி என்ற 13 சதவீத விற்பனை வரிக்கும் கைகொடுக்கும். விளம்பரத்தில் உள்ள சொல்லையே எடுத்தாளுங்கள்; பல இடங்களில் கடிதங்களை முதலில் சலித்தெடுப்பது மென்பொருள்தான்.

‘கனடிய அனுபவம் இல்லை’ என்று மன்னிப்புக் கேட்கிற வரி வேண்டவே வேண்டாம். 25 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் நிறுவனங்கள், பொது விளம்பரத்தில் அதை நிபந்தனையாகப் போடுவதையே ஒன்டாரியோ 2026 ஜனவரி 1 முதல் தடுத்திருக்கிறது. இந்தச் செய்தி நம் ஆட்கள் எல்லோருக்கும் போய்ச் சேர வேண்டும்.

அனுப்புமுன் நிறுவனத்தின் பெயரை மறுபடி பாருங்கள். பழைய கடிதத்தைத் திருத்தும்போது போன கம்பெனியின் பெயர் கடைசிப் பத்தியில் ஒட்டிக்கொண்டிருக்கும். அந்த ஒரு சொல்லே கடிதத்தைக் குப்பைக்கு அனுப்பிவிடும்.

பத்துக் கடிதம் எழுதினால் கை பழகிவிடும். அப்புறமும் வெள்ளைத்தாளை எடுத்தால் தலைப்பில் ‘உ’வும் ‘சிவமயம்’ என்ற சொல்லும் எழுதப் பேனா போகும். நாலு மூலைக்கும் மஞ்சளைத் தேடும் விரல். ராத்திரி போனில் ஆத்தா கேட்பார்கள்: “அனுப்பிட்டியாப்பா? பிள்ளையாருக்கு முன்னால வச்சுட்டு அனுப்பினியா?”