கண்டி போய்வர பற்றரியைக் கட்டிக்காத்த கதை

எங்களிடம் இருப்பது பழைய அவுட்லாண்டர் பிளக்-இன் ஹைபிரிட், அதாவது பெற்றோல் எஞ்சினும் வீட்டுக் கறண்டில் சார்ஜ் பண்ணுகிற பற்றரியும் சேர்ந்த கார். பற்றரி 12 கிலோவாட்மணி. இரவில் வீட்டு பிளக்கில் போட்டால் ஐந்து மணித்தியாலம் அளவில் நிறைந்துவிடும். திருகோணமலை உவர்மலையில் இருக்கும் வீட்டிலிருந்து நிலாவெளி போய்வர கறண்டே தாராளம். அந்த ஓட்டத்துக்கு ஒரு பொத்தானையும் தொடத் தேவையில்லை.

சிக்கல் வந்தது கண்டிப் பயணத்தில். கிட்டத்தட்ட 180 கிலோமீற்றர். ‘இருக்கிற கறண்டை முதலில் ஓடி முடிப்போம், மிச்சத்துக்குப் பெற்றோல்’ என்று கிளம்பினேன். கந்தளாய் வருவதற்குள் கறண்ட் தூரம் பூச்சியம். மாத்தளை தாண்டிப் பலகடுவ ஏற்றத்தில் எஞ்சின் போட்ட சத்தத்தில், “இதென்னப்பா, லொறி மாதிரிக் கத்துது?” என்றாள் மனுசி. கட்டுகஸ்தோட்டை நெரிசலிலும் அதே எஞ்சின்தான்.

வீடு வந்து யோசித்தபோது பிழை விளங்கியது. இந்தக் காரில் மணிக்கு 65 கிலோமீற்றர் அளவுக்குக் கீழே எஞ்சின் சில்லை நேரே சுற்றாது. ஜெனரேற்றரைச் சுற்றிக் கறண்ட் எடுத்து, அதை மோட்டாருக்குக் கொடுக்கும். பெற்றோலைக் கறண்டாக்கி, கறண்டை மறுபடி ஓட்டமாக்குவதில் இரண்டு இடத்தில் நட்டம். வேகம் கூடினால் எஞ்சினை முன்சில்லோடு நேரே பிணைக்கலாம், அந்த நட்டம் இல்லை. அதாவது வெட்டை றோட்டுத்தான் எஞ்சினுக்கு வாய்த்த இடம். நான் அங்கே கறண்டைக் கொட்டிவிட்டு, நெரிசலுக்குள் பெற்றோலை எரித்திருக்கிறேன்.

இரண்டாம் முறை மாற்றிச் செய்தேன். ரவுனுக்குள் கறண்ட், சன நெருக்கம் குறைந்ததும் ‘சேவ்’ பொத்தான். அமத்தும்போது இருந்த அளவை அது அப்படியே பிடித்து வைக்கும். ஹபரணைக் காட்டுப் பக்கம் யானை பார்த்து மெதுவாகப் போன இடத்தில் மட்டும் கொஞ்சம் ஏறி இறங்கியது. மாத்தளையில் பொத்தானை எடுத்துவிட்டேன். ஏற்றத்தில் எஞ்சின் இடைக்கிடை எழும்பினாலும் கத்தவில்லை. நெரிசலுக்குள் சத்தமே இல்லை.

கண்டி போய்ச்சேர முதல் பயணத்தில் பத்தரை லீற்றர் பெற்றோல், இந்த முறை ஒன்பதுக்குக் கொஞ்சம் மேலே. முதல் நாள் மழையும் பெய்தது, அதனால் இந்த வித்தியாசத்தை நான் பெரிதாக எடுக்கவில்லை. ‘சார்ஜ்’ பொத்தானையும் ஒருநாள் அமத்திப் பார்த்தேன். நின்ற இடத்தில் எஞ்சின் உறுமிப் பற்றரியை நிரப்புகிறது. வீட்டில் பிளக் இருக்கும்போது அது வீண் செலவு.

இன்னொன்று. முழுச் சார்ஜோடு உவர்மலையை விட்டு இறங்கும்போது, ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருக்கும் துடுப்பை பி5 வரை இழுத்தாலும் கார் பெரிதாகப் பிடிக்காது. மோட்டாரே காரைப் பிடித்து, அந்த வேகத்தைக் கறண்டாக்கிப் பற்றரிக்கு அனுப்புவதற்கான துடுப்பு அது, பி5 தான் ஆகக் கூடிய பிடி. நிறைந்த பற்றரியில் கறண்டை எங்கே போடுவது? முதல்நாள் திடுக்கிட்டு பிரேக்கை மிதித்துவிட்டேன். இப்போது கொஞ்சம் குறைய இருக்கும்போதே பிளக்கைக் கழற்றிவிடுகிறேன்.

திரும்பி வரும்போது பலகடுவ இறக்கத்தில் பி5 நன்றாகவே வேலை செய்தது, மீற்றர் ஏறுவது கண்ணுக்குத் தெரிந்தது. அதைத் திருகோணமலை மட்டும் பொத்திப் பொத்திக் கொண்டுவந்தேன். உவர்மலைக் கடைசி வளைவில் எஞ்சின் எழும்பியது. வீட்டுக்கு இன்னும் 200 மீற்றர்.