ப்ளூ ஹப்பர்ட் ஒருவழியாகப் பிளந்தது

மூன்று நாளாகச் சமையல் மேடையில் கிடந்த ப்ளூ ஹப்பர்ட் பூசணி நேற்றுச் சாயங்காலம் இரண்டாகப் பிளந்தது. ஏழே முக்கால் கிலோ. சாம்பல் பூத்த நீலத் தோல், இரண்டு முனையும் கூம்பல், மேலெல்லாம் முண்டும் முடிச்சும். கோயம்புத்தூர்ப் பக்கத்து அரசாணிக்காயை, அதாவது பரங்கிக்காயை, அரிவாள்மனையில் வைத்து ஒரே அழுத்தில் பிளந்து பழகிய கை என்னுடையது. இது வேறு சாதி.

முதல் நாள் பெரிய கத்தி இரண்டு அங்குலம் இறங்கி அப்படியே மாட்டிக்கொண்டது. அதை உருவி எடுக்கவே கால் மணி நேரம். இந்த மாசசூசெட்ஸ்காரர்கள் சாக்கில் போட்டுச் சிமெண்டுத் தரையில் ஓங்கி அடித்து உடைப்பார்கள். எனக்கு ஓவனில் கவிழ்த்து வைக்க முழுசாக இரண்டு பாதி வேண்டும், அதனால் அந்த வழி வேண்டாம் என்று விட்டேன்.

பலித்தது இதுதான். ஸ்க்ரூடிரைவரால் ஆழமாக ஏழெட்டு இடத்தில் குத்தி, 180 டிகிரியில் 25 நிமிடம் முழுக்காயாகவே ஓவனில் வைத்தேன். குத்தாமல் வைத்தால் உள்ளே நீராவி அடைத்து வெடிக்கும். ஆறியதும் ஈரத்துண்டைச் சுருட்டி அடியில் கொடுத்து, உருளாமல் நிறுத்தினேன். காம்பு தக்கை போல இருந்தாலும் கத்திக்கு மசியாது. பக்கவாட்டில் சுத்தியலால் தட்டினால் கழன்று விழும். பிறகு காம்புக் குழிக்கு ஓரமாகக் கத்தியை ஊன்றி, ரப்பர் சுத்தியலால் கத்தி முதுகில் ஒரு தட்டு நுனிப்பக்கம், ஒரு தட்டு பிடிப்பக்கம். மாற்றி மாற்றித் தட்டினால் கத்தி சாயாமல் இறங்குகிறது. பாதி தூரம் போனதும் டப்பென்று தானாகவே பிளந்துகொண்டது. அந்தச் சத்தத்துக்கே மூன்று நாளும் தகும்!

உள்ளே நல்ல ஆரஞ்சு, அரசாணியை விட ஈரம் குறைவு. ஒரு பாதியில் ஒரு துண்டை வெட்டித் தோல் சீவி வழக்கம் போல மூடி போட்டுப் பொரியல் வைத்தேன். பத்து நிமிடத்தில் மாவாகக் கரைந்துவிட்டது. ஆகவே அந்தப் பாதியின் மீதியை 200 டிகிரியில் கவிழ்த்து ஒரு மணி நேரம் சுட்டு, கரண்டியால் வழித்தெடுத்தேன். சின்ன வெங்காயம், வரமிளகாய், கறிவேப்பிலை தாளித்து, சதையைக் கடைசியில் போட்டு இரண்டே பிரட்டு, மேலே தேங்காய்த் துருவல். அரசாணிப் பொரியலுக்குப் போடும் வெல்லம் இதற்குத் தேவையே இல்லை. புளிக்குழம்புக்கும் இது அருமை, ஆனால் குழம்பை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். தண்ணீர் தாராளமாக விட வேண்டும்.

வாங்கியது சாலையோரப் பண்ணைக் கடையில். பெரிய கடைகளில் தோல் சீவி நறுக்கிப் பிளாஸ்டிக்கில் சுற்றி விற்கிறார்கள், முழுக்காய் கண்ணில் படுவதில்லை. எனக்கு அதில் வருத்தம்தான். இது இந்த மண்ணின் காய். இதே மாசசூசெட்ஸில் உள்ள மார்பிள்ஹெட் ஊர் விதை வியாபாரி ஜேம்ஸ் கிரிகோரி 1850களில் ஹப்பர்ட் பூசணியை விற்பனைக்குக் கொண்டுவந்தார். பெயர் எலிசபெத் ஹப்பர்ட் என்ற பெண்மணியுடையது. நீல ரகம் வந்தது 1909இல். பண்ணைக்கார அம்மா இதை வயல் ஓரத்தில்தான் நடுகிறார். வண்டுகளுக்கு இதன் மேல் தனி ஆசையாம், உள்ளே இருக்கும் கொடிகளை விட்டுவிட்டு முதலில் இதில்தான் மொய்க்குமாம்.

விதையை எடுத்து வைக்க மனம் வரவில்லை. அதே வயலில் கபோச்சா, பட்டர்கப் பூசணிகளும் இருந்தன. மூன்றும் ஒரே இனம், மகரந்தம் கலந்திருக்கும். விதைகளை உப்புப் போட்டு வறுத்தாயிற்று. மே கடைசியில் புது விதை வாங்கிப் போடுகிறேன். ஊரிலிருந்து வந்த அரசாணி விதை வேறு இனம் என்பதால் பக்கத்திலேயே போடலாம்.

இன்னொரு பாதி இன்னும் ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டை முழுசாக அடைத்துக்கொண்டு கிடக்கிறது. நாளைக்கு அடைக்கு மாவு அரைக்கும்போது அதில் கொஞ்சம் துருவிச் சேர்க்கப் போகிறேன்.